மணியடிச்சான் பாறை

சாம்பல் புதன் முதல் பூசை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். ஸ்டாக் பதிவேட்டைத் திறந்து குனிந்ததும் நெற்றிச் சாம்பல் ஒரு துகள் உதிர்ந்து அன்றைய இருப்பின் மேல் விழுந்தது. சிமெண்ட், 1,140 மூட்டை. போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது. துடைக்க மனசு வரவில்லை.

அந்த எண்ணைத்தான் மாற்றச் சொன்னார்கள். வங்கிக்குப் போகும் கணக்கில் 1,600 என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். “அண்ணாச்சி, உங்க கைக்காசா போவுது? எல்லாக் கடையிலயும் நடக்கதுதானே” என்றார் முதலாளி. திங்கட்கிழமை கெடு. மகளின் கல்லூரிக் கட்டணமும் அதே வாரம். இரண்டு இரவும் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை ஆரல்வாய்மொழிக்குப் பஸ் ஏறினேன். காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று மறைசாட்சி தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம். அவரும் உத்தியோகஸ்தர்தான். திருவிதாங்கூர் மன்னரின் பணியில் இருந்தவர். சொத்து நஷ்டத்தில் நொந்துபோயிருந்த அவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் சொன்னது பைபிளில் வரும் யோபுவின் கதை. அது உள்ளே இறங்கி, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்புறமாவது நிம்மதி கிடைத்ததா? விலங்கு மாட்டினார்கள், அடித்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். யோபுவுக்காவது இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. இவருக்கு இந்த மண்ணில் ஒன்றும் திரும்பவில்லை. திரும்பும் என்று எண்ணி அவர் நிற்கவும் இல்லை!

அங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது. ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினேன். கணீரென்றது. கருங்கல்லுக்குள்ளிருந்து கோயில் மணி! கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து நெஞ்சுக்கு அந்த நாதம் ஏறியது. மறுபடி தட்டினேன். என் ஆண்டவரே, நீர் அங்கே இருந்தீர்! கட்டணத்துக்கு வழி சொல்லவில்லை, வேலை நிலைக்கும் என்று சொல்லவில்லை. வந்து நின்றீர், அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. முழங்காலில் விழுந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அத்தனையும் ஆனந்தக் கண்ணீர். இரண்டு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை 1,140 என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி தாளைப் பார்த்தார். குடோன் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். வெளியே நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், வாய் தன்பாட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தது.