மேற்கோளும் ரிஷி கடனும்

பலனில் பற்று வையாமல் கர்மத்தைச் செய்வதே உத்தமம் என்று நம் சாஸ்திரங்கள் ஓயாமல் உபதேசித்துவர, வைத்திய ஆராய்ச்சியாளர் ஒருவருடைய ஆயுட்கால உழைப்பையெல்லாம், அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டியது எத்தனை தடவை என்ற இரண்டு எண்களுக்குள் அடக்கிவிடும் இக்கால வழக்கத்தை, லௌகிக மோகம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட வேதாந்திக்கு ஆசை எழலாம். அவ்வளவு சுலபமாக அதை ஒதுக்கிவிட முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

கல்கத்தாவில் சம்புநாத் டே என்றொரு வைத்தியப் பேராசிரியர் இருந்தார். 1884-ல் அதே நகரில் காலராக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்த ராபர்ட் காக், அது ஏதோ ஒரு விஷத்தைச் சுரந்தே மனிதனைக் கொல்லுகிறது என்று ஊகித்திருந்தார். அந்த விஷம் மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எவர் கைக்கும் அகப்படவில்லை. டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தி, குடலில் நீர் கோத்துக்கொள்வதைக் கண்டார். பின்னர், கிருமிகளை அறவே நீக்கி வடித்த திரவத்தைச் செலுத்தியபோதும் அவ்வாறே நீர் கோக்கக் கண்டு, 1959-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் சிறியதொரு கட்டுரை எழுதினார். (அந்த முயல்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் தனி விசாரத்துக்குரியது.) நெடுங்காலம் அக்கட்டுரை அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை. இந்திய விஞ்ஞானக் கழகம் எதுவும் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்காமலே 1985-ல் அவர் காலமானார். மறு ஆண்டு அவருடைய பெருமையை எடுத்து எழுதியவர், மேற்கோள்களை எண்ணுவதற்கென்றே 1960-களில் பேரட்டவணையொன்றை நிறுவிய அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டுதான் என்பது விசித்திரம்.

இதற்கு மறுபுறம் ஆலிவர் லௌரி. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையொன்றை விவரித்து 1951-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை மூன்று லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அதை மகத்தான படைப்பென்று அவரே கருதவில்லை.

இவ்விரண்டையும் பார்த்து, எண்ணிக்கை பொய் என்பார் சிலர். பொய்யன்று, அது யாருடைய கணக்கு என்பதில்தான் மயக்கம். மனிதன் கடன்களோடு பிறக்கிறான் என்றும், அவற்றுள் ரிஷிகளுக்குப் பட்ட கடனை அவர்கள் அளித்த வித்தையைக் கற்றும் கற்பித்துமே தீர்க்கவேண்டுமென்றும் நம் முன்னோர் விதித்தனர். மேற்கோள் காட்டுவது அந்த ஜாதியைச் சேர்ந்த காரியம். பெற்றவனுடைய தர்மம் அது. பலனைத் துறக்கும் உரிமை செய்தவனுக்கு உண்டு. அவன் சார்பில் நாம் நம்முடைய நன்றியைத் துறந்துவிட முடியாது. ஆகவே டேயின் விஷயத்தில் குறைபட்டது அவருடைய புகழன்று, நம்முடைய தர்மம். மாறாக, ஒருவன் தன் கட்டுரைகளுள் எத்தனை அத்தனை தடவையாவது எடுத்தாளப்பட்டன என்று பார்க்கும் குறியீடொன்றை ஹிர்ஷ் என்பவர் 2005-ல் வகுத்த பிறகு, தன் நூலைத் தானே மேற்கோள் காட்டியும், நண்பர்களுக்குள் பரிமாறிக்கொண்டும் தொகையைப் பெருக்குகிறவன், பிறர் தனக்குப் பட்ட கடனைத் தானே எழுதிக்கொள்கிற லேவாதேவிக்காரனாகிறான்.

எண்ணிக்கைக்குள் வராத கடனாளிகளும் உண்டு. காலரா விஷம் குடலை நீர் கசியச் செய்கிறதே தவிர, அதன் சுவரை அழித்துவிடுவதில்லை. ஆதலால் உப்போடு சேர்ந்த குளுக்கோஸைக் குடல் அப்போதும் உறிஞ்சிக்கொள்ளும். 1971-ல் வங்காள அகதிகள் வந்து குவிந்த பாங்காவ் முகாமில், ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே நோயாளிகளைக் காப்பாற்றினார். பிழைத்தவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப்போவதில்லை. ஆயினும், வயிற்றுப்போக்கில் துவளும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உப்பையும் சர்க்கரையையும் அளவறிந்து கலந்து கொடுக்கிற தாய், டேயின் பெயரைக் கேட்டிராவிட்டாலும், கற்றதைக் கைமாற்றித் தருவதாகிய அந்தக் கடனைச் சாஸ்திரம் விதித்தபடியே தீர்க்கிறாள். அவளை எந்த அட்டவணையில் சேர்ப்பது என்று கார்ஃபீல்டும் சொல்லவில்லை.