மேய்ப்பருக்கும் ஒரு சங்கமா?



வைத்தியருக்குச் சங்கம் உண்டு, வக்கீலுக்கு உண்டு, உபாத்தியாயருக்கும் உண்டு. சந்தா கட்டுகிறார்கள், வருஷத்துக்கொரு முறை மாநாடு கூடுகிறார்கள், தங்கள் தொழிலுக்கு ஒழுங்குகள் வகுக்கிறார்கள். இதில் ஆச்சரியமொன்றுமில்லை. ஆனால் ஆத்துமங்களைப் பராமரிக்கிறவர் அப்படியொரு சங்கத்தில் சேரலாமா? தேவ அழைத்தலுக்குச் சந்தா ரசீது எதற்கு?

இது வீண் கேள்வியன்று. அமெரிக்காவில் கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் மாணவரின் ஆன்ம காரியங்களைக் கவனிக்க நியமிக்கப்பட்டவரைச் சாப்ளின் என்பார்கள். அவர்களுக்கென்றே அங்கே சங்கங்கள் இருக்கின்றன. பல சபைகளையும் சேர்ந்த சாப்ளின்களுக்கான தேசிய சங்கம் 1948-ல் தோன்றியது. கத்தோலிக்கருக்கென்று தனியாக ஒரு சங்கம் 1969-ல் ஏற்பட்டது. புதிதாய் நியமனம் பெற்ற ஒருவர் இவற்றில் சேருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவரவர் மனச்சாட்சியின் வேலை. ஆயினும் நமக்கும் இதில் அக்கறையுண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளும் மேற்படிப்புக்கு அந்தத் தேசம் போகிறார்கள். தாய் தகப்பன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தங்கள் பிள்ளையின் ஆத்துமத்துக்கு யார் துணை என்று பெற்றோர் கேட்பது நியாயமல்லவா?

இந்த ஊழியம் நேற்று முளைத்ததன்று. 1893-ல் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் கத்தோலிக்க மாணவர் சிலர், தங்கள் விசுவாசத்தைக் காத்துக்கொள்ள நியூமன் கர்தினாலின் பெயரால் ஒரு கழகம் தொடங்கினார்கள். அதுவே பிற்பாடு அமெரிக்கா முழுவதும் பரவிய நியூமன் கழகங்களுக்கு முன்னோடி. 1905-ல் அர்ச். 10-ம் பத்திநாதர், சர்வகலாசாலைகள் உள்ள நகரங்களில் மாணவருக்கென்று ஞானோபதேசப் பள்ளிகள் ஏற்பட வேண்டுமென்று கட்டளையிட்டார். இத்தாலிய மாணவருக்கு 1925 முதல் 1933 வரை ஆன்ம குருவாயிருந்த மொந்தீனி சுவாமியார், பின்னால் 6-ம் சின்னப்பர் என்ற பாப்பரசரானார். 1949 முதல் கிராக்கோ நகரில் மாணவருக்கு உழைத்த வொய்த்தீவா சுவாமியார் 2-ம் அருள் சின்னப்பரானார். இருவருமே இன்று அர்ச்சியசிஷ்டர். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், கல்லூரி மாணவரின் ஆன்ம பராமரிப்பை மேற்றிராணியாரின் பொறுப்பென்று 813-ம் பிரிவில் சொல்லுகிறது.

இனி, சங்கத்தில் சேருவதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம்.

முதல் ஆட்சேபம்: "சாப்ளின் வேலை தொழிலன்று, அழைத்தல். தொழிலாளரைப் போலச் சங்கம் சேர்ந்தால் மேய்ப்பர் கூலிக்காரராகிவிடுவார்." இதில் உண்மையுண்டு. நல்ல ஆயனையும் கூலியாளையும் பிரித்துக் காட்டியவர் நம் ஆண்டவரே. குருவானவரை அனுப்புகிறவர் மேற்றிராணியார். எந்தச் சங்கமும் அவரை அனுப்பவும் முடியாது, திருப்பியழைக்கவும் முடியாது. ஆனால் அழைத்தல் இருந்தால் அறிவும் பழக்கமும் தானாக வந்துவிடுமா? ஓர் உதாரணம். நடு இரவில் ஒரு மாணவன் வந்து, இனி உயிரோடிருக்க மனமில்லை என்கிறான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னானாகில், அந்த முத்திரையை எக்காரணத்தைக் கொண்டும் உடைக்கலாகாது. ஆனாலும் அவனைத் தனியே விடாமல் உதவி தேடச் சம்மதிக்க வைக்கலாம். வெறும் பேச்சாகச் சொன்னானாகில், அவனை வைத்தியரிடம் சேர்ப்பிப்பதே கடமை. எந்தச் சொல் அவனைத் தேற்றும், எது அவனை இன்னும் அமிழ்த்தும், எந்த வேளையில் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதெல்லாம் முன்னதாகக் கற்றிருக்க வேண்டிய காரியங்கள். இருபது வருஷம் இந்த ஊழியத்தில் நரைத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், அதனால் அழைத்தலுக்கு என்ன குறைவு? அன்புள்ளவன் கற்றுக்கொள்ள வெட்கப்படமாட்டான்.

அர்ச். சின்னப்பரை நினைத்துப் பாருங்கள். அவரை அழைத்தவர் ஆண்டவரே. ஆயினும் அவர் ஜெருசலேமுக்குப் போய், தாம் போதித்து வந்ததை மூத்த அப்போஸ்தலர் முன் எடுத்துரைத்தார். தம் ஓட்டம் வீணாய்ப் போகாதபடிக்கு அப்படிச் செய்ததாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார். தேவ அழைப்புப் பெற்றவருக்கே இந்தத் தாழ்ச்சி தேவைப்பட்டதென்றால், "எனக்கு எவருடைய ஆலோசனையும் வேண்டாம்" என்கிறவரைப் பற்றி என்ன நினைப்பது?

இரண்டாம் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: "பல மதத்தாரும், கடவுளை நம்பாதவரும் கூடியிருக்கும் சங்கத்தில் கத்தோலிக்கச் சாப்ளினுக்கு என்ன வேலை?" 2021-ல் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் சாப்ளின்கள், கடவுள் நம்பிக்கையில்லாத மனிதநேயக் கொள்கையர் ஒருவரைத் தங்கள் தலைவராகத் தெரிந்துகொண்ட செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. இது கேட்டு விசுவாசிகள் திகைத்ததில் வியப்பில்லை. ஆனால் நிதானமாய் யோசிப்போம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாணவனிடம் அவன் விரும்பும் குருவை அழைத்து வருவது, ஜெபிக்க ஓர் இடம் கேட்டு வாங்குவது, துக்க நாளில் கல்லூரி முழுவதையும் தேற்றுவது ஆகிய காரியங்களில் பிற மதத்தாரோடு சேர்ந்து உழைப்பது விசுவாசத்தை மறுதலிப்பதாகாது.

எல்லை எங்கே? திருச்சபைச் சட்டத்தின் 278-ம் பிரிவு, சங்கம் சேர மேற்றிராசனக் குருக்களுக்கு உரிமை உண்டென்கிறது. தங்கள் நிலைக்குரிய கடமைகளோடு ஒவ்வாத சங்கங்களை விலக்க வேண்டுமென்றும் சொல்லுகிறது. சாப்ளின் கையொப்பமிடுமுன் பார்க்க வேண்டியது இதுவே. "மாணவரை வற்புறுத்தியோ ஆசை காட்டியோ உங்கள் மதத்துக்கு இழுக்கலாகாது" என்று ஒரு சங்கம் விதித்தால், தாராளமாய் ஒப்புக்கொள்ளலாம்; 2-ம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் போதித்ததும் அதுதான். ஆனால் "சேசுநாதரைப் பற்றிக் கேட்டு வரும் மாணவனுக்கும் பதில் சொல்லலாகாது" என்று விதித்தால், அங்கே கையொப்பமிட முடியாது. விதிகளை வாசிக்காமல் சேருவதும் பிசகு. வாசிக்காமல் வெறுப்பதும் பிசகு.

இவ்விரண்டையும்விடப் பெரிய காரியம் ஒன்றுண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளை வீட்டைவிட்டு வெகுதூரம் போய், தன் அந்தரங்கத்தையெல்லாம் ஒருவரிடம் திறக்கிறது. அவர் சொல்லுக்கு அங்கே அத்தனை வல்லமை! அந்த வல்லமையை ஒருவர் தம் சுயநலத்துக்குத் திருப்பினால் என்ன ஆகும்? கசப்பான விஷயந்தான், ஆனால் மூடி மறைத்ததனால் திருச்சபை பட்ட காயம் நமக்குத் தெரியும். 2002-ல் அமெரிக்க மேற்றிராணிமார் டல்லஸ் நகரில் கூடி, சிறுவரின் பாதுகாப்புக்கென்று சாசனம் ஏற்படுத்தினார்கள். அது முக்கியமாய்ப் பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கானது. கல்லூரி மாணவரோ பெரும்பாலும் அந்த வயதைக் கடந்தவர்கள். 2019-ல் பிரான்சிஸ் பாப்பரசர் வெளியிட்ட சட்டம், அதிகாரத்தைத் தவறாய்ப் பயன்படுத்திச் செய்யும் பாவச்செயலையும் விசாரணைக்குள் கொண்டுவந்தது. ஆனால் சட்டம் பெரும்பாலும் தீங்கு நடந்தபின் வருகிறது. அதற்கு முன்பே, "இந்த மாணவியை ஏன் அடிக்கடி தனியே சந்திக்கிறீர்? இந்தப் பையன் ஏன் உம்மைத் தவிர வேறெவரையும் நாடுவதில்லை?" என்று கேட்க, அதே ஊழியம் அறிந்த ஒரு தோழர் வேண்டும். சேசுநாதர் தம் சீடரை இருவர் இருவராய் அனுப்பியதில் இந்த ஞானமும் அடங்கியிருக்கிறதல்லவா?

ஒன்றை மறக்கலாகாது. சங்கங்களுக்கென்றே ஒரு சோதனையுண்டு: தன் அங்கத்தினரைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் சோதனை. குற்றம் செய்தவரை மறைத்துவைக்கும் சங்கம் இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல். நல்ல சங்கமும் ஒருவரின் பெயரைத் தன் ஜாபிதாவிலிருந்து நீக்கலாமே தவிர, மேற்றிராணியாரின் விசாரணைக்கும் நாட்டின் சட்டத்துக்கும் அது ஈடாகாது. ஆகையால் எல்லாக் கேள்விகளும் ஒரே கேள்வியில் அடங்குகின்றன: இந்தச் சங்கம் மேய்ப்பருக்காகவா, ஆடுகளுக்காகவா? மேய்ப்பரின் பெருமைக்கும் பாதுகாப்புக்கும் மாத்திரம் என்றால் விலகியிருக்கட்டும். ஆடுகளுக்காக என்றால், சந்தாவைக் கட்டிச் சேரட்டும். அது தர்மத்துக்குச் செலவிட்ட பணந்தான்.

பெற்றோரே, பிள்ளையைத் தூர தேசத்துக் கல்லூரிக்கு அனுப்பும்போது விடுதியையும் சாப்பாட்டையும் விசாரிக்கிறீர்கள். அங்கே சாப்ளின் யார், அவரை அனுப்பியவர் யார், அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறவர் என்றும் விசாரியுங்கள். நல்ல சாப்ளின் இந்தக் கேள்வியால் மனம் நோகமாட்டார், சந்தோஷப்படுவார். இன்றிரவு குடும்ப ஜெபமாலையில், முகமறியாத அந்த மேய்ப்பர்களுக்காக ஓர் அருள் நிறை மந்திரம் கூடுதலாய்ச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு அவர்கள் துணை. அவர்களுக்கும் துணை வேண்டும்.