கேட்டது எங்கே?

எங்கள் விளையாட்டில் ஒரு சுற்று உண்டு. பெயர் 'கேட்டது எங்கே?'. ஒரு சினிமாப் பாட்டின் முன்னிசையைப் பத்து நொடி ஓடவிடுவோம். படம், இசையமைப்பாளர், பாடியவர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அந்தப் பாட்டை முதன்முதலில் எங்கே நின்று கேட்டாய் என்று சொன்னால் ஐந்து புள்ளி. வேறு யாராவது விளையாடினால் இந்தச் சுற்று சப்பென்று போய்விடும். எல்லோரும் 'வீட்ல, டிவில' என்பார்கள். எங்களில் ஒருவரிடமும் அந்தப் பதில் இல்லை. ஏழு பேரும் சினிமா பாவம் என்று சொல்லும் சபைகளில் வளர்ந்து, இருபதுகளில் வெளியே வந்தவர்கள்.

தென்மாவட்டங்களில் பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. சிலவற்றில் டிவி உண்டு, நகை உண்டு. எங்களுடையது கெடுபிடியான வகை. டிவி இல்லை, ரேடியோ இல்லை, அம்மா காதில் கழுத்தில் எதுவும் இல்லை. சினிமாப் பாட்டுக்கு எங்கள் வீட்டில் 'உலகப் பாட்டு' என்று பெயர். உலகம் என்றால் நாங்கள் போகக்கூடாத இடம் என்று பொருள். வெளியே வந்தபின் சென்னையில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி சினிமா, பாட்டு வினாடி வினா விளையாடுகிறோம். எஸ்.பி.பி. வாங்கிய ஆறு தேசிய விருதுகளில் தமிழ்ப் படத்துக்கு எத்தனை? ஒன்றே ஒன்று, 'மின்சார கனவு'. இந்த ரகக் கேள்விகள் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீதி இரவு முழுக்க 'கேட்டது எங்கே?'தான்.

இடங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். அம்மன் கோயில் கொடைக்குத் தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அது பாடப் பாட எங்கள் வீட்டில் ஜெபத்தின் சத்தமும் ஏறும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ். முடிவெட்டப் போன சலூன். 'காதலன்' பாட்டு முடியட்டும் என்று வரிசையில் பின்னால் வந்தவனுக்கு இடம்விட்டுக் கொடுத்தவன் ஒருவன். தூத்துக்குடிக்கார அக்கா ஒருத்தி, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்துக்குச் சரியாகப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் பாத்திரம் தேய்க்க உட்காருவாள். "அஞ்சு வருஷம் அந்த நேரத்துல ஒரு குண்டா விடாம தேச்சிருக்கேன், எங்கம்மா பொறுப்பான பிள்ளைனு நெனச்சா" என்பாள்.

இப்படிக் கேட்டதால் எங்களிடம் இருந்தது பாட்டுகள் மட்டும்தான். படங்கள் இல்லை. முகங்களை நாங்களே போட்டுக்கொண்டோம். 'ரோஜா'வில் மின்மினி பாடிய பாட்டை, ஏதோ ஒரு சிறுமி கிணற்றடியில் நின்று பாடுவதாகவே வெகுகாலம் வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து முதல் லேப்டாப் வாங்கியபின் படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனாலும் என் கிணறு போய்விட்டது.

அதன்பிறகு இரண்டு வருடம் வெறிபிடித்தது போலப் படம் பார்த்தேன். எக்ஸெல் ஷீட் போட்டு, ஆண்டுவாரியாக. ஆபீஸில் யாராவது 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியை எடுத்துவிட்டால் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான் லட்சியம். சிரிக்கவும் செய்தேன். ஆனால் என் வேலையில் இதற்கு ஒரு ஒப்புமை உண்டு. தரவுத்தளத்தில் ஒரு பதிவை இன்றைக்குச் சேர்த்துவிட்டு, தேதி மட்டும் 1995 என்று போட்டுவிடலாம். மேலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எப்போது சேர்த்தது என்ற பதிவேடு மட்டும் உள்ளே தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

மனப்பாடம் எங்களுக்குப் புதிதில்லை. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பரிசு வாங்கிய ஆட்கள் நாங்கள். மெத்தூசலாவுக்கு வயது 969, சம்கார் தாற்றுக்கோலால் அடித்தது 600 பேர் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். அதே மூளைதான் இப்போது இளையராஜா படங்களை ஆண்டுவரிசையில் அடுக்குகிறது. ஒருமுறை சபைப் பாட்டுகளை வைத்தே ஒரு சுற்று நடத்திப் பார்த்தோம். மூன்று நிமிடத்தில் கெட்டது. முன்னிசை தொடங்கியதும் ஏழு பேரும் பாட ஆரம்பித்து, கடைசிச் சரணம்வரை போய்விட்டோம். டைமரை யாரும் நிறுத்தவில்லை. சும்மா சொல்லக்கூடாது, வாய்விட்டுப் பாட எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது சபைதான். என் டீமில் பதினான்கு பேர். கூச்சமில்லாமல் நாலு பேர் முன்னால் பாடக்கூடியவர் ஒருவரும் இல்லை.

சரி, எங்களுக்கு அநியாயம் நடந்ததா இல்லையா? விளையாட்டு முடிந்து பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போது இந்தச் சண்டை தவறாமல் வரும்.

தத்துவத்தில் இதற்கு ஒரு பிரபலமான விடை இருக்கிறது. ஜோயல் ஃபெயின்பெர்க் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல் எழுதிய கட்டுரையில், குழந்தைக்குத் 'திறந்த எதிர்காலத்துக்கான உரிமை' உண்டு என்றார். வளர்ந்தபின் அது தேர்ந்தெடுக்க வேண்டிய கதவுகளைப் பெற்றோர் இப்போதே அறைந்து சாத்தக்கூடாது. அவர் மனதில் இருந்த வழக்குகளில் ஒன்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்ற ஆமிஷ் பெற்றோர் அதில் வென்றார்கள். நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார்: பிள்ளைகளை யாராவது கேட்டீர்களா?

நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. 1985இல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. அருமையான தீர்ப்பு, இன்று படித்தாலும் நாட்டின்மேல் மரியாதை வரும். ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. வகுப்பறையில் மற்றவர்கள் பாட, நடுவில் வாய்மூடி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் பிள்ளைகளை, மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கியபடி பார்த்திருக்கிறேன். அந்த மௌனம் என்னுடையதா, அப்பாவுடையதா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், என்னுடையதுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். நம்பியும் இருப்பேன். டக்ளஸ் விரும்பியபடி பிள்ளையைக் கேட்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

ஃபெயின்பெர்க்கின் கதவு உவமையும் எங்களுக்குப் பொருந்தவில்லை. எங்கள் எதிர்காலம் திறந்துதான் இருந்தது. எல்லாப் படமும் இன்றைக்குப் போனில் இருக்கிறது. 'கரகாட்டக்காரன்' எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், எட்டு வயதில் பார்த்திருக்க மட்டும் முடியாது. எடுத்துக்கொள்ளப்பட்டது ஓர் இறந்தகாலம். தெருவே சேர்ந்து சிரித்த நேரத்தில் நாங்கள் அங்கே இல்லை. எந்த வயதில் கதவைத் திறந்துவிட்டாலும் அந்த நேரம் திரும்பாது. உரிமைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதிர்காலத்தையே பார்த்துப் பேசுவதால் இந்த இழப்புக்கு அவர்களிடம் பெயர் இல்லை.

எங்களில் ஒருவன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். "அப்போ டிவி வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைங்கள்லாம் என்னல சொல்லுவானுவ? எல்லா அப்பனும் எதையாவது குடுக்காமத்தான் வளக்கான்" என்பான். பாதி சரி. ஆனால் காசில்லாத பையன் டீக்கடை வாசலில் நின்று கேட்டுவிட்டு, வீடுவரை பாடிக்கொண்டே போகலாம். நாங்கள் கேட்டதற்காக ராத்திரி முழங்காலில் நின்று மன்னிப்பு கேட்டோம். கிடைக்காமல் போனதற்கும், கிடைத்ததைத் திருட்டுப் பொருளாக வைத்திருந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஐந்து புள்ளிக் கேள்விக்கு இடம், வெளிச்சம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதுவரை நாங்கள் பிசகாமல் சொல்வதற்கும் அந்தப் பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் அப்பாவைப் பற்றிய வழக்காக வைத்துக்கொள்வது எளிது. அம்மாவிடம் வந்தால் சிக்கலாகிறது. போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது, அடுத்த மாதக் கேள்விகளைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். 'புதிய பறவை'யிலிருந்து ஒரு முன்னிசை. லேப்டாப்பில் நாலு நொடிதான் ஓடியிருக்கும். அடுப்படியிலிருந்து சத்தம்: "இது சுசீலாம்மா பாடுனதுல்லா."

கைவேலை நிற்கவில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்றாள். எங்க அக்காகூடப் போய் பெஞ்சு டிக்கெட்டில் பார்த்தது என்றாள். ஸ்கூல் போட்டியில் அந்தப் பாட்டைப் பாடி ஒரு சில்வர் டம்ளர் வாங்கியதாகவும் சொன்னாள். முப்பத்துச் சொச்சம் வருடத்தில் நான் முதல்முறையாகக் கேட்கிறேன். அந்த டம்ளரில்தான் நான் பால் குடித்து வளர்ந்திருக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்த அன்றோடு அவள் பாட்டை விட்டுவிட்டாள்.

பாடத் தோணலையாம்மா என்று கேட்டேன். "தோணாம என்ன? விட்டாச்சு, அவ்வளவுதான்."

எனக்கு மறுக்கப்பட்டது நான் அறியாத ஒன்று. அவள் விட்டது அவளுக்கு உயிராக இருந்த ஒன்று, அதுவும் தெரிந்தே, தன் கையால். அதைத் தியாகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, அந்தச் சபையை நான் ஏற்காவிட்டாலும். ஆனால் தன்னுடையதைக் கொடுத்தபோது என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்ததா? பைபிளில் அன்னாள், சாமுவேல் பிறப்பதற்கு முன்பே அவனைக் கர்த்தருக்கு நேர்ந்துவிடுகிறாள். பால்மறந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய் விடுகிறாள். யாரும் சாமுவேலைக் கேட்கவில்லை. சபையில் இதைப் பொருத்தனைக்கு உதாரணமாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதே கதையில் இன்னொரு செய்தி உண்டு: அன்னாள் வருடாவருடம் ஒரு சின்னச் சட்டை தைத்து, அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அளவு எப்படித் தெரிந்தது என்று எழுதவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அம்மா வெள்ளைச் சேலையின் மடிப்பைச் சரிசெய்தபடி வாசலில் நின்றாள். சென்னையில் நாங்கள் என்னதான் விளையாடுகிறோம் என்று கேட்டாள். சொன்னேன், 'கேட்டது எங்கே?' உட்பட. கொஞ்சநேரம் பேசவில்லை.

"மத்த பிள்ளைகளுக்க அம்மமாரும் வருவாவளா மக்களே?"

இல்லம்மா என்றேன். பைபிளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.