விலகிப் போனவர்களின் முகவரி

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-இல் இன்டெல் திறந்த ஆலை, அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனம் அமைத்த முதல் ஆலை. அங்கே வேலை பார்த்துத் தேர்ந்த இரண்டு சகோதரர்கள் பின்னாளில் வெளியேறி, 1991-இல் குளோப்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதற்கு ஆரம்பக் காலத்தில் வேலை கொடுத்தது அதே இன்டெல்தான். பினாங்கின் மின்னணுத் தொழில் கிளைவிட்டதில் இப்படி விலகிப் போனவர்களின் பங்கு பெரிது.

ஊர் சிறியது என்பதும் இதற்கு ஒரு காரணம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் பழைய சகாவை நாசி கண்டார் கடையிலோ தைப்பூசக் கூட்டத்திலோ பார்த்துவிடலாம். “இப்போ எங்கே இருக்கீங்க?” என்ற ஒரு கேள்வியில் அறுந்த பேச்சு மீண்டும் தொடங்கிவிடும்.

கட்டற்ற மென்பொருள் உலகத்தில் அந்தக் கடை இல்லை. பினாங்கில் இருப்பவர் எழுதிய நிரலை பெர்லினில் ஒருவர் சரிபார்ப்பார், சாவோ பாவ்லோவில் ஒருவர் திருத்துவார். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்திருக்க மாட்டார். இத்தனை உறவும் ஒரு மின்னஞ்சல் முகவரியில் தொங்குகிறது. பலருக்கு அது அலுவலகம் தந்த முகவரி. வேலை போகிற நாளில் முகவரியும் போகும்.

2025-இல் இது வெளிச்சமாகத் தெரிந்தது. இன்டெல் உலகெங்கும் பெருமளவில் ஆட்குறைப்புச் செய்தது. பத்தாண்டுகளாக நடத்திவந்த கிளியர் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அந்த ஜூலையில் நிறுத்தியது. அடுத்த வாரங்களில், லினக்ஸின் கருவான கெர்னலில் சில இயக்கி நிரல்கள் பராமரிக்க ஆளில்லாதவை என்று குறிக்கப்பட்டன. செயலியின் சூட்டை அளந்து சொல்லும் இயக்கி அவற்றில் ஒன்று. அதன் உள்ளும் புறமும் தெரிந்தவர் எங்கோ நலமாக இருக்கக்கூடும். ஒரு சந்தேகம் கேட்டால் மனமுவந்து பதிலும் சொல்வார். கேட்க வழி அடைபட்டதுதான் நட்டம்.

கெர்னலின் பழைய வழக்கம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. நிரலோடு சேர்த்தே ‘கிரெடிட்ஸ்’ என்றொரு கோப்பு வைத்திருக்கிறார்கள். பங்களித்தவரின் பெயர், மின்னஞ்சல், செய்த வேலை ஆகியவற்றோடு வீட்டுத் தபால் முகவரிக்கும் அதில் இடமுண்டு. பராமரிப்பிலிருந்து விலகுகிறவரின் பெயரை இந்தக் கோப்புக்கு மாற்றுவதும் உண்டு. மாறிப்போன மின்னஞ்சல்களை ஒரே ஆளோடு இணைத்துக் காட்ட ‘மெயில்மேப்’ என்ற இன்னொரு கோப்பும் இருக்கிறது. பார்வைக்கு வறண்ட பட்டியல்கள்தான். ஆனால் விலகியவரைத் தேட ஒருநாள் வேண்டியிருக்கும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஒரு குழுவின் பண்பை இத்தகைய சிறிய ஏற்பாடுகளில்தான் பார்க்க முடிகிறது.

முகவரி கைவசம் இருந்தும் பேச்சு நின்றுபோவது உண்டு. அது வேறு வகைப் பிரிவு. குழந்தை பிறக்கிறது, தாயார் படுக்கையில் விழுகிறார், புதிய வேலை இரவையும் தின்கிறது. “அடுத்த வாரம் முடித்துத் தருகிறேன்” என்று சொன்னது ஆறு மாதமாகக் கிடக்கிறது. அதன்பிறகு எழுதக் கூச்சம். கோபித்துக்கொண்டு போகிறவர்களைவிட, கூச்சத்தால் மறைகிறவர்களே அதிகம் என்று எண்ணத் தோன்றுகிறது. அவர்களுக்குத் தேவை மரியாதையாக விடைபெற ஒரு வழி. திரும்பி வந்தால் உட்கார ஓர் இடம்.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் இதற்கு வழிசெய்திருக்கிறது. நெடுநாள் சத்தமில்லாமல் இருப்பவர்களை விசாரித்து எழுதவே அங்கே ஒரு குழு உண்டு. முடியவில்லை என்று சொல்பவர் ‘எமரிட்டஸ்’ என்ற மதிப்புறு ஓய்வு நிலைக்கு மாறிக்கொள்ளலாம். மறுபடி வர விரும்பினால் புதியவரைப் போல முழுச் சோதனையையும் கடக்க வேண்டியதில்லை. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில், ஒருவர் உழைத்துப் பெற்ற தகுதி காலாவதியாகாது என்பது கொள்கை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஆவணத்தில் முன்னாள் உறுப்பினர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, மறைந்தவர்களுக்கும் இருக்கிறது.

மறைந்தவர்களில் ஜோயல் கிளெக்கர் என்ற இளம் டெபியன் நிரலாளரைச் சொல்லாமல் போக முடியாது. 2000 ஆகஸ்டில் வந்த டெபியன் 2.2 அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் இறந்திருந்தார். தசைச் சிதைவு நோயால் படுக்கையில் கிடந்தபடியே அவர் அத்தனை வேலையும் செய்திருக்கிறார். கூட இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. பதில் வராத ஒருவரைச் சோம்பேறி என்று எண்ணுவதற்கு முன் இந்த இளைஞரை நினைக்க வேண்டும். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்கும் கடிதத்தில், உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் ஒரு வரி கேட்கலாமே.

தமிழுக்கு வருவோம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தமிழ் நூல்களை மின்னூலாக்க முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தட்டெழுதியவர் பெயரையும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் மின்னூலின் முகப்பிலேயே அச்சிடுகிறது. இருபது ஆண்டுக்கு முன் ஒரே ஒரு நூலை உள்ளிட்டுவிட்டு ஒதுங்கியவரின் பெயரும் அங்கே இருக்கிறது. லினக்ஸைத் தமிழாக்கிய தன்னார்வலர்களுக்கு அந்த அளவு வாய்க்கவில்லை. அவர்கள் கலைச்சொல் பேசி முடிவெடுத்த யாகூ குழுமங்களின் சேமிப்பை 2019 இறுதியில் யாகூ நீக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சேவையையே மூடிவிட்டது. எந்தச் சொல்லை ஏன் ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்ற விவாதத்தில் சேமிக்கப்படாதவை அழிந்தன. இனி அது அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

நல்லவேளையாக, மொழிபெயர்ப்புக் கோப்புகளின் தலைப்பகுதியில் பெயர், மின்னஞ்சல், ஆண்டு என்று எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. லினக்ஸில் இயங்கும் க்னோம் பணிமேடையின் செயலிகளில் ‘பற்றி’ என்ற பெட்டியிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர்கள் தெரியும். புதிதாகப் பொறுப்பேற்கிறவர் பழைய பெயர்களை அழிக்காமல் அடியில் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். பிறகு அந்தப் பழைய மின்னஞ்சல்களுக்கு ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். வேலை செய்யத் திரும்பி வரச் சொல்லி அல்ல, “இந்த இடத்தில் நீங்கள் இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தீர்கள்?” என்று கேட்டு. சில கடிதங்கள் முகவரி இல்லையென்று திரும்பும். பதில் போடுகிறவரிடம் அடுத்து கேட்க வேண்டியது, அவரோடு அந்நாளில் உட்கார்ந்து உழைத்த மற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை.