ஒட்டுப்போர்வையும் ஓர் அபயதானம்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. குளிரில் நடுங்குவோர்க்குப் போர்வை ஈதல், அச்சம் நீக்குவதால், அபயதானத்தின்பாற்படும்.

பழனிக்கு மேற்கேயுள்ள ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. சாந்திவீரக் குரவர் அங்குப் பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் ஓர் அடிகளின் உணவிற்கும் 505 காணம் பொன் வைத்த செய்தி அது. பழையதைப் புதுக்குதலும் அறமே என்பதற்கு அம்மலையே சான்று.

அவ்வட்டாரத்துத் தொப்பம்பட்டிச் சமவெளியிலும் மார்கழி இரவு குளிரும். அண்டை மாவட்டமான திருப்பூரில் பனியன் தைத்து எஞ்சும் வெட்டுத்துணி மிகுதி. அத்தொழிலை நாடிப் பிகாரினின்றும் ஒடிசாவினின்றும் புதிதாய் வருவோரும் பலர். பிகாரில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துப் பிறந்த குழந்தையைப் போர்த்துவர். அதற்குச் சுஜனி என்று பெயர். நம் பாட்டியரும் பழஞ்சேலையையே மடித்துத் தொட்டிலில் விரித்தனர் அன்றோ? புதிதாய் வந்த உயிரை மென்மையால் வரவேற்கும் பண்பு எங்கும் ஒன்றே.

ஆயினும், வீட்டுக்குப் பாரமான கந்தலைத் தள்ளிவிடுதல் தானமாகாது. துவைத்து, நைந்த பகுதி நீக்கி, நல்லதை இணைத்து, அடுக்கித் தைத்த பின்னரே அது ஈகையாகும். அங்கு நாம் ஈவது துணியன்று, உழைப்பே. பட்டும் கம்பளியும் வேண்டா, பருத்தியே போதும். உடுத்தாது பெட்டியில் கிடக்கும் சேலையும் மிகுபொருளே என உணர்க. பெறுவோரின் மொழியும் சமயமும் வினவற்க. தைத்தவர் பெயரும் பொறிக்க வேண்டா. 'யான் ஈந்தேன்' என்பதும் ஒரு பற்றே.

சாதுர்மாசிய நாட்களில் இல்லந்தோறும் ஒன்று தைப்பின், மார்கழிக்குள் எத்துணையோ பேர் அச்சமின்றி உறங்குவர்.

அறம் வாழ்க!