முடிந்த வழக்கும் முடியாத கடமையும்

"வழக்கு முடிந்துவிட்டது" என்னும் சொற்களை நாம் பல இல்லங்களில் கேட்டிருக்கின்றோம். வென்றவர் நிம்மதியுடன் கூறுவர். தோற்றவர் தலைகுனிந்து கூறுவர். வழக்கு என்பது உண்மையில் எப்போது முடிகிறது? சட்டம் முடிந்ததென்று கூறும் நாளில் நம் கடமையும் முடிந்துவிடுகிறதா? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் நலம்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே ஒரு பாகப்பிரிவினை வழக்கு நடப்பதாகக் கொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்துவதாகலின், இது நமக்கு அயலான செய்தியன்று.

வழக்கு நடக்கும்போதே நீதிமன்றம் பற்பல உத்தரவுகளைப் பிறப்பிக்கும். நிலத்தை விற்கலாகாது என்னும் இடைக்காலத் தடை உத்தரவின்மீது உடனே மேல்முறையீடு செய்யலாம். ஆனால், ஒரு சாட்சியை மீண்டும் அழைக்க மறுத்த உத்தரவின்மீது தனியே மேல்முறையீடு கிடையாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் எவ்வெவ் உத்தரவுகளின்மீது மேல்முறையீடு உண்டு என்று வரையறுத்துள்ளது. ஏனையவற்றில் நேர்ந்த பிழை முடிவைப் பாதித்திருந்தால், தீர்ப்பாணையின்மீது மேல்முறையீடு செய்யும்போது அதனையும் எடுத்துரைக்கலாம் என்கிறது 105ஆம் பிரிவு. படிதோறும் மேல்நீதிமன்றம் ஏறினால் வழக்கு நகராது என்பதே இதன் காரணம். இங்கே பொறுத்திருப்பவர் எதனையும் இழப்பதில்லை.

பொறுத்திருந்தால் இழக்கும் இடமும் ஒன்று உண்டு. பாகப்பிரிவினையில் தீர்ப்பாணை இரு நிலைகளில் வரும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல்நிலைத் தீர்ப்பாணை அறுதியிடும். பின்னர் வழக்குரைஞர் ஆணையர் நிலத்தை அளந்து, கிணறும் வழியும் எவருக்கு என்று பிரித்துக் காட்ட, இறுதித் தீர்ப்பாணை பிறக்கும். "இறுதி வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தங்கை எண்ணி வாளாவிருந்தால், பங்கின் அளவு தவறென்று பின்னர் மேல்முறையீட்டில் வாதிட 97ஆம் பிரிவு இடந்தராது. பெயரளவில் முதல்நிலையாயினும், பங்கைப் பொறுத்தவரை அதுவே முடிவாகிவிடுகிறது.

ஆயினும், இறுதித் தீர்ப்பாணைக்கு முன்னர்ச் சட்டமே மாறிவிட்டால் பங்கைத் திருத்தலாம். மகளிர்க்குச் சமபங்கு அளித்த 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையொட்டி, உச்சநீதிமன்றம் 2011இல் அவ்வாறே தீர்ப்பளித்தது.

மேல்முறையீட்டுக்குக் காலவரம்பும் உண்டு. உயர்நீதிமன்றத்திற்கு 90 நாள். பிற நீதிமன்றங்களுக்கு 30 நாள். தீர்ப்பின் நகல் பெறுவதற்கு ஆகும் காலம் இக்கணக்கில் சேராது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். இருவரும் இசைந்து பெற்ற தீர்ப்பாணையின்மீதோ மேல்முறையீடு இல்லை. ஆதலின், சமாதானப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் படித்தறிதல் வேண்டும்.

இத்தனை கதவுகளை ஏன் அடைக்கிறார்கள்? முடிவில்லாத வழக்கு வென்றவரையும் தோற்றவரையும் ஒருங்கே அழிக்கும் என்பதனால்தான். அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி இராபர்ட் ஜாக்சன் 1953இல், தாங்கள் பிழையற்றவர்கள் என்பதால் இறுதிச் சொல் தங்களுடையதாகவில்லை; இறுதிச் சொல் தங்களுடையது என்பதாலேயே பிழையற்றவர்களாகின்றனர் என்னும் பொருள்பட எழுதினார். நம் உச்சநீதிமன்றமும் மறுசீராய்வு மனு தள்ளுபடியான பின்னரும் கொடிய அநீதி நேராதிருக்கக் குறைதீர் மனு என்னும் குறுகிய வாயிலை 2002இல் திறந்து வைத்தது. 'முடிவு' என்பதும் 'சரி' என்பதும் வெவ்வேறு என்பதை நீதிபதிகளே உணர்ந்திருக்கின்றனர்.

இந்த வேறுபாட்டை நாம் வகுப்பறையில் கற்றோம். ஓர் அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவியின் விடைத்தாளைக் கூட்டுகையில் ஏழு மதிப்பெண் விடுபட்டுப் போயிற்று. அவள் கொண்டுவந்து காட்டியபோது, "பட்டியல் தலைமையாசிரியரிடம் போய்விட்டது, இனி மாற்ற முடியாது" என்று கூறி அனுப்பினோம். விதி நம் பக்கம் இருந்தது. அவளும் மறுத்துப் பேசவில்லை. ஆனால், "தவறு என்னுடையது அம்மா" என்று அவளிடம் கூறுவதை எந்த விதி தடுத்தது? பிழை செய்தவரும் நாம். விதியின் பின்னே மறைந்துகொண்டவரும் நாமே. ஆண்டுகள் பல சென்ற பின்னும் அம்மாணவியின் முகம் நம் நினைவைவிட்டு அகலவில்லை.

மீண்டும் அந்த அண்ணன் தங்கையிடம் வருவோம். கணவர் நோயுற்றுக் கிடந்தமையால் தங்கை காலத்தே மேல்முறையீடு செய்யவில்லை. அவளுக்குக் கிடைத்த பங்கு குறைவென்பதை அண்ணனும் அறிவார். "நாள் கடந்துவிட்டது, நிலம் எனக்கே" என்று அவர் கூறினால் சட்டம் அவரைக் குறை கூறாது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. முடிந்த தீர்ப்பு தோற்றவர் கேட்பதைத்தான் தடுக்கிறது. வென்றவர் கொடுப்பதைத் தடுப்பதில்லை. ஒரு தானப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்ய எந்த நீதிமன்றமும் அவருக்குத் தடை விதிக்கவில்லை.

நேர்மையாக வாதாடித் தோற்றவர், வாயில்கள் அடைபட்டபின் மனக்கசப்பை விட்டுவிடுதல் நன்று. வென்றவரோ, தாம் வென்றது உண்மையாலா, நாள் கணக்காலா என்று தனித்திருந்து தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். அவ்வினாவுக்குக் காலவரம்பு இல்லை.