அலீனாவின் பகடை

இலக்கணம் கற்பிப்பவள் நான். மாணவிகளுக்கு விதி மறந்துபோகும், எடுத்துக்காட்டு நிற்கும். அதனால் எடுத்துக்காட்டில் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிறார்கள். அதன் 1978ஆம் ஆண்டு விதிநூல், பெண் வீரர்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. டிராகன் பறக்கலாம், பெண் பளு தூக்கக் கூடாது! 1981இன் தொடக்கநூலோ மார்கன் அயர்ன்வுல்ஃப் என்ற போர்வீராங்கனையை மாதிரிப் பாத்திரமாகக் காட்டியது. குழுவின் சார்பாகப் பேசுபவளும் அவளே.

1983 பதிப்பில் அலீனா வருகிறாள். தனியாக ஆடிப் பழகும் பயிற்சிக் கதையில் புதியவருக்குச் சொல்லித் தருகிறாள், காயம் ஆற்றுகிறாள், பார்கிள் என்னும் மந்திரவாதியின் மாய அம்பு பட்டுச் சாகிறாள். ஆடுபவர் என்ன செய்தாலும் அந்தச் சாவு மாறாது. பார்கிளை இன்றும் வெறுப்பவர்கள் உண்டு. அவர்களுடைய துக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இன்னொருவருக்குக் கோபம் பிறக்கவேண்டும் என்பதற்காகவே ஒருத்தியைப் படைத்து, அன்பானவளாக்கி, கொல்வது நியாயமா?

ஆண்களும் சாகிறார்களே என்பீர்கள். உண்மைதான். 1981 நூலின் எடுத்துக்காட்டில் பிளாக் டூகல் என்ற திருடன் நச்சு ஊசி குத்தி இறக்கிறான். அவனுக்காக ஒருமுறை பகடை உருட்டப்பட்டது, அது கைவிட்டது. அலீனாவுக்கு யாரும் உருட்டவே இல்லை.